முதல் டிரையத்லானுக்கு எந்த சைக்கிள்? பணத்தை எடுப்பதற்கு முன் கொஞ்சம் பொறுங்கள்

போன சீசனில் ஓர் இளைஞர் கார்பன் சைக்கிள் ஒன்றை ஒற்றைக் கையில் தூக்கிக்கொண்டு என் பட்டறைக்கு வந்தார். எடை குறைவு என்று எனக்குக் காட்டுவதற்காகவே அப்படித் தூக்கி வந்தார் என்று நினைக்கிறேன். "அண்ணா, முதல் டிரையத்லான், இன்னும் பத்து நாள்தான் இருக்கு. கழுத்து மட்டும் வலிக்குது. ஹேண்டில்பாரைக் கொஞ்சம் சரி பண்ணிக் கொடுங்க" என்றார். செகண்ட் ஹேண்டில் மலிவாகக் கிடைத்ததாம். ஏறி உட்காரச் சொன்னேன். கை முழுக்க நீண்டு, தோள் காதுக்கு ஏறி, பிரேக் லீவரை விரல் நுனிதான் தொட்டது. ஃபிரேம் அவருக்கு இரண்டு சைஸ் பெரிது. ஹேண்டில்பாரை ஃபிரேமோடு இணைக்கும் ஸ்டெம்மைக் குட்டையாக மாற்றிப் பார்த்தேன், சீட்டை முன்னால் தள்ளிப் பார்த்தேன், ஒன்றும் சரிப்படவில்லை. "தம்பி, வீட்டுல பழைய சைக்கிள் எதாவது இருக்கா?" என்று கேட்டேன். ஒரு ஹைப்ரிட், அதாவது தார்ச்சாலை சைக்கிளுக்கும் மலைப்பாதை சைக்கிளுக்கும் இடைப்பட்ட வகை, தூசி படிந்து கிடந்தது. அதை ஓவராயில் செய்து, வழுவழுப்பான டயர் போட்டுக் கொடுத்தேன். அதிலேயே போட்டியை முடித்துவிட்டு வந்தார்.

சைக்கிள் ரிப்பேர், அளவுக்குப் பொருத்திக் கொடுப்பது, போட்டி நாளில் சைக்கிள் சோதனை மேசையில் நிற்பது, இதுதான் என் பிழைப்பு. நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் அடுத்தடுத்து வரும் டிரையத்லான் போட்டிக்கு முதல்முறை போகிறவர்களில் பெரும்பாலோர் பணத்தைத் தப்பான இடத்தில் கொட்டுகிறார்கள். கார்பன், எடை, பிராண்டு என்று பார்ப்பார்கள். டயரும் பிரேக்கும் ஃபிரேம் அளவும் கண்ணில் படாது.

முதலில் தூரத்தைப் பாருங்கள். புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் ஸ்பிரிண்ட் தூரத்தில் தொடங்குவார்கள்: 750 மீட்டர் நீச்சல், 20 கி.மீ. சைக்கிள், 5 கி.மீ. ஓட்டம். ஒலிம்பிக் தூரம் என்றால் இதைப்போல இரண்டு மடங்கு. இந்த 20 கி.மீ.யை மணிக்கு 25 கி.மீ. வேகத்தில் போனால் 48 நிமிடம் ஆகும். அதே ஆள், அதே உழைப்பில், இன்னும் நல்ல சைக்கிளில் 27 போனார் என்றே வைத்துக்கொள்வோம். 44 நிமிடத்துக்குக் கொஞ்சம் மேலே வரும். மிச்சம் மூன்றரை நிமிடம். வழியில் ஒரு பஞ்சர் ஆகி, இதுவரை டியூப் மாற்றிப் பழகாதவர் ஓரமாக உட்கார்ந்தால் இருபது நிமிடம் போய்விடும். கணக்கு அவ்வளவுதான்.

எடைக்கும் இதே கதை. சைக்கிளும் ஆளும் சேர்ந்து 85 கிலோ என்றால், சைக்கிளில் 2 கிலோ குறைத்தாலும் சமதளத்தில் 20 கி.மீ.க்குச் சில நொடிகள்தான் மிச்சமாகும். மேடு ஏறும்போது தெரியும், மறுக்கவில்லை. ஆனால் சமதளத்தில் நம்மைப் பிடித்து இழுப்பது காற்று. அந்தக் காற்றுத் தடையிலும் ஏறக்குறைய முக்கால் பங்கு சைக்கிளால் வருவதில்லை, அதன் மேல் உட்கார்ந்திருக்கும் உடம்பால் வருகிறது. ஆகவே முதுகைக் கொஞ்சம் தாழ்த்தி, முழங்கையை மடக்கி, முக்கால் மணி நேரம் வலியில்லாமல் உட்கார முடிந்தால் அதுவே பெரிய லாபம். அதற்குப் பொருத்தமான அளவு வேண்டும். மறுபடியும் அளவுக்கே வந்து நிற்கிறோம் பாருங்கள்.

இங்கே ஒரு கிளைக்கதை. பிரான்ஸில் பல நாள் நடக்கும் சைக்கிள் பந்தயமான டூர் டி பிரான்ஸில், 1989இன் கடைசி நாளில் அமெரிக்க வீரர் கிரெக் லெமாண்ட் 50 நொடி பின்தங்கியிருந்தார். ஒவ்வொருவரும் தனித்தனியாக நேரத்தோடு போட்டியிட்டு சைக்கிள் ஓட்டும் 24.5 கி.மீ. சுற்றில் அதை ஈடுகட்டி, மொத்தத்தில் 8 நொடியில் பட்டத்தை வென்றார். அன்று அவர் கை வைத்திருந்தது டிரையத்லான்காரர்கள் பயன்படுத்திக்கொண்டிருந்த ஏரோ பாரில். முழங்கையை ஊன்றிக் கையை முன்னால் நீட்டிப் பிடிக்கும் கம்பி அது. அந்தக் கதையைக் கேட்டுவிட்டு முதல் போட்டிக்கே ஏரோ பார் மாட்டச் சொல்லி வருகிறவர்கள் உண்டு. நான் மாட்டிக் கொடுப்பதில்லை. அதில் கை இருக்கும்போது பிரேக்கில் கை இருக்காது. கூட்டத்தில், வளைவில், புதிய ஆளுக்கு அது ஆபத்து. அதோடு, ஒருவர் பின்னால் ஒருவர் ஒட்டி ஓட்ட அனுமதிக்கும் போட்டிகளில் ஏரோ பாருக்குக் கட்டுப்பாடும் இருக்கும். விதிப் புத்தகத்தைப் படித்துவிட்டு, ஒரு போட்டி முடித்துவிட்டு வாருங்கள், அப்புறம் பேசலாம்.

சரி, எந்த வகை? வீட்டில் ஓடுகிற நிலையில் ஹைப்ரிட்டோ எம்.டி.பி. என்கிற மலைப்பாதை சைக்கிளோ இருந்தால் முதல் ஸ்பிரிண்டுக்கு அதுவே போதும். டயரை மட்டும் மாற்றுங்கள். முள்ளு முள்ளாக இருக்கும் எம்.டி.பி. டயர் தார்ச்சாலையில் ஒவ்வொரு மிதிக்கும் உங்கள் பலத்தை உறிஞ்சும். 29 இன்ச் எம்.டி.பி.யின் ரிம் விட்டமும் தார்ச்சாலைக்கென்றே செய்த சைக்கிளான ரோடு பைக்கின் 700சி ரிம் விட்டமும் ஒன்றுதான், இரண்டும் 622 மி.மீ. ரிம்மின் அகலத்துக்கு ஒத்துப்போகிற அளவில் வழுவழுப்பான டயர் போட்டுவிடலாம். 26 இன்ச் என்றால் அது 559, அதற்கும் மெல்லிய வழுவழு டயர்கள் உண்டு. முன்னால் ஸ்பிரிங் ஃபோர்க் இருந்து, அதைப் பூட்டும் வசதி இருந்தால் போட்டியில் பூட்டிவிடுங்கள். காற்று எவ்வளவு அடிக்கலாம் என்பது டயரின் பக்கவாட்டிலேயே அச்சிட்டிருக்கும். அந்த மேல் அளவைத் தாண்ட வேண்டாம்.

புதிதாக வாங்கத்தான் வேண்டும், அடுத்த வருடமும் தொடர்வேன் என்கிறவர்களுக்கு என் பதில் எப்போதும் ஒன்றுதான்: அலுமினிய ஃபிரேம், சாதாரண ரோடு பைக், முடிந்தால் செகண்ட் ஹேண்ட். டிரையத்லானுக்கென்றே செய்த சைக்கிள் முதல் வருடம் வேண்டாம். அதில் சீட் குழாய் ரோடு பைக்கைவிடச் செங்குத்தாக நிற்கும், ஆள் முன்னால் சாய்ந்து ஏரோ பாரில் படுப்பதற்காகவே அந்த வடிவம். தினசரிப் பயிற்சிக்கும் நண்பர்களோடு சுற்றுவதற்கும் அது ஒத்துழைக்காது.

அளவு விஷயத்துக்கு வருவோம். சின்ன வயதில் பெரிய சைக்கிளில் குரங்குப் பெடல் அடித்து ஓட்டினோம், சரி. 20 கி.மீ. ஓட்டிவிட்டு இறங்கி 5 கி.மீ. ஓட வேண்டியவர் அப்படிச் செய்ய முடியாது. இரண்டு சைஸுக்கு நடுவில் நிற்கிறீர்கள் என்றால் சின்னதை எடுங்கள். சின்ன ஃபிரேமில் சீட்டை உயர்த்தலாம், நீள ஸ்டெம் போடலாம். பெரிய ஃபிரேமைச் சுருக்க வழியில்லை. சீட் உயரத்துக்கு ஒரு பழைய கணக்கு உண்டு: வெறுங்காலில் சுவரை ஒட்டி நின்று, காலிடுக்கிலிருந்து தரை வரை அளந்து 0.883 ஆல் பெருக்குங்கள். பெடல் கைகள் ஃபிரேமில் சுழலும் அச்சின் நடுவிலிருந்து சீட்டின் மேல்பகுதி வரை அந்த உயரம் வர வேண்டும். 80 செ.மீ. வந்தால் சீட் 70.6 செ.மீ. கால்குலேட்டர் கையில் இல்லையா, சீட்டில் உட்கார்ந்து பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை அதில் வையுங்கள். கால் நேராக நீண்டு, இடுப்பு ஒரு பக்கம் சாயாமல் இருந்தால் ஏறக்குறைய சரி. இது தொடக்கப் புள்ளிதான். முழங்கால் முன்பக்கம் வலித்தால் சீட் தாழ்வாக இருக்கலாம், பின்பக்கம் இழுத்தால் உயரமாக இருக்கலாம். ஒரு தடவைக்கு சில மி.மீ. மட்டும் மாற்றிப் பாருங்கள்.

செகண்ட் ஹேண்ட் வாங்கப் போகிறவர்கள் பகலில் போங்கள். ஒரு துணி, ஓர் ஆறடி டேப், சீட் கம்பியைத் தளர்த்த ஆலன் கீ, இவ்வளவு போதும். விற்பவர் கியர் மாற்றிக் காட்டுவார், பளபளப்பைக் காட்டுவார். நீங்கள் சைக்கிளைக் கவிழ்த்துப் போடுங்கள். ஹேண்டில் குழாயும் அதிலிருந்து பெடல் பக்கம் இறங்கும் குழாயும் சேருமிடத்துக்குச் சற்றுக் கீழே, அடிப்பக்கம் துணியால் துடைத்து விரலை மெதுவாக ஓட்டுங்கள். பெயின்ட் சுருக்கம் விழுந்தது போலவோ லேசாகப் புடைத்தது போலவோ தட்டுப்பட்டால், அந்த சைக்கிள் எங்கேயோ முன்பக்கமாகப் போய் முட்டியிருக்கிறது. அடிப்பக்கம் என்பதால் கண்ணுக்குத் தெரியாது, விரல் சொல்லிவிடும். பேரம் பேசாமல் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். கார்பன் ஃபிரேமில் உள்ளே பிளந்திருந்தால் வெளியே தெரியாமலே இருக்கக்கூடும். கார்பனை அறிந்தவர் யாரும் கூட இல்லாமல் பழைய கார்பன் வாங்க வேண்டாம் என்று நான் சொல்வது அதனால்தான்.

அடுத்து, சைக்கிளை நிமிர்த்தி, முன் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி ஹேண்டிலை மெதுவாகத் திருப்புங்கள். நேராக வரும் இடத்தில் 'டக்' என்று உட்கார்ந்தால் ஹெட்செட், அதாவது ஹேண்டில் திரும்பும் இடத்து பேரிங், தேய்ந்திருக்கிறது. செலவு அதிகமில்லை, விலையில் கழித்துக்கொள்ளலாம். சக்கரத்தைச் சுற்றிவிட்டு பிரேக் கட்டைக்கும் ரிம்முக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியைப் பாருங்கள். அது கூடிக் குறைந்தால் சக்கரத்தில் கோட்டம் இருக்கிறது. லேசான கோட்டம் எடுப்பது எந்தப் பட்டறையிலும் சின்ன வேலை, அதற்குப் பயந்து நல்ல சைக்கிளை விட்டுவிடாதீர்கள். ஆனால் ரிம்மில் பிரேக் உரசும் பரப்பை நகத்தால் வருடிப் பாருங்கள். நடுவில் குழிந்திருந்தால் அந்த ரிம்மின் ஆயுள் முடிந்துவிட்டது. கோட்டத்துக்குத் தயங்கியவர், குழிந்த ரிம்மைக் கவனிக்காமல் வாங்கி வந்ததையும் பார்த்திருக்கிறேன்.

செயினுக்கு டேப். ஒரு பின்னின் நடுவில் பூஜ்யத்தை வைத்து 12 இன்ச் அளந்து பாருங்கள். புதுச் செயினில் 12 இன்ச் கோட்டில் இன்னொரு பின்னின் நடு சரியாக விழும். அது ஒரு இன்ச்சில் பதினாறில் ஒரு பங்கு தள்ளிப் போயிருந்தால் செயினை மாற்ற வேண்டும். எட்டில் ஒரு பங்கு தள்ளியிருந்தால் செயினோடு பின்பல் சக்கரங்களும் தேய்ந்திருக்கும், இரண்டு செலவு. கடைசியாக ஆலன் கீயால் சீட் கம்பியைத் தளர்த்தி மேலும் கீழும் இழுத்துப் பாருங்கள். வருடக்கணக்கில் அசைக்காத கம்பி ஃபிரேமுக்குள்ளேயே பிடித்துக்கொள்ளும். சீட் உயரத்தையே மாற்ற முடியாத சைக்கிள் எவ்வளவு மலிவாக வந்தாலும் உங்களுக்கு எதற்கு? பெடல் பொருத்தியிருக்கும் பகுதியின் அடியில் பொதுவாக வரிசை எண் பொறித்திருக்கும். அது சுரண்டப்பட்டிருந்தால் திருட்டு சைக்கிளாக இருக்கலாம், தள்ளி நில்லுங்கள்.

கியர் எண்ணிக்கையைக் கண்டு மயங்க வேண்டாம். 21 கியர் என்று ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும், அதில் பாதி ஒன்றையொன்று ஒத்திருக்கும். மேட்டில் நிமிடத்துக்கு எண்பது சுற்றுக்குப் பக்கத்தில் மிதிக்கத் தோதான ஒரு லேசான கியர் இருந்தால் போதும். கனமான கியரில் மிதித்துத் தொடையை இறுக்கிக்கொண்டவர் இறங்கி ஓடும்போது படும் பாட்டைப் பார்க்கச் சகிக்காது. பெடலில் பூட்டிக்கொள்ளும் ஷூவும் இப்போதைக்கு வேண்டாம். ஓடும் ஷூவோடு சாதாரண பெடலில் ஓட்டினால் ஷூ மாற்றும் நேரமும் மிச்சம்.

கையில் இருக்கும் மொத்தப் பணத்தில் கால் பங்கைச் சைக்கிளுக்குச் செலவழிக்காமல் தனியாக எடுத்து வையுங்கள். ஹெல்மெட், புது டயர், இரண்டு டியூப், டயர் லீவர், பம்ப், பாட்டில் கூடு, ஒரு முழு சர்வீஸ் என்று அந்தக் கால் பங்கு காணாமல் போகும். ஹெல்மெட்டை மட்டும் செகண்ட் ஹேண்டில் வாங்கக் கூடாது. ஒரு தடவை அடிபட்டு உள்ளே நுரை நொறுங்கியிருந்தால் வெளியிலிருந்து தெரியாது. வாடகைக்கோ இரவலுக்கோ நல்ல சைக்கிள் கிடைத்தால் தாராளமாக எடுங்கள், ஆனால் போட்டிக்கு மூன்று வாரம் முன்னாலேயே கைக்கு வர வேண்டும். அதில் பழகாமல் போய் நிற்காதீர்கள். சர்வீஸையும் முந்தின நாள் செய்யாதீர்கள். புது கியர் கேபிள் நாலைந்து ஓட்டத்தில் கொஞ்சம் தளரும், மறுபடி திருக வேண்டியிருக்கும்.

போட்டி நாளில் சோதனை மேசையில் நாங்கள் பார்ப்பது மிகச் சாதாரண விஷயங்கள்: இரண்டு பிரேக்கும் பிடிக்கிறதா, ஹெல்மெட் வார் பூட்டுகிறதா, ஹேண்டில்பாரின் இரண்டு முனையிலும் மூடி இருக்கிறதா. மூடி இல்லாத குழாய் விழுந்தால் உடம்பில் குத்தி ஏறும், அதனால் அனுமதிக்க மாட்டார்கள். எத்தனையோ பேர் இத்தனை செலவு செய்து, இத்தனை மாதம் பயிற்சி செய்து, அந்தச் சின்ன பிளாஸ்டிக் மூடி இல்லாமல் வந்து முழிப்பார்கள். அதற்காகவே ஒரு சின்னப் பை நிறைய மூடிகளோடு போய் நிற்கிறேன். தீர்ந்துபோனால் பாட்டில் கார்க்கைச் செதுக்கி அடைத்துவிடுவேன், அதுவும் நன்றாகவே நிற்கிறது.