ஒலியால் ஒரு ஈயப்பூச்சு

காரைக்குடியில் எங்கள் அப்பத்தா வீட்டுப் பித்தளை அண்டாவுக்கு ஈயம் பூச வருபவர், வந்ததும் ஈயத்தைத் தொடமாட்டார். மணல் போட்டுத் தேய்ப்பார். நெருப்பில் வாட்டி நவச்சாரத்தைத் தூவுவார். குப்பென்று வெள்ளைப் புகை கிளம்பும். அப்புறம்தான் ஈயம். துணியால் ஒரு இழுப்பு, உள்பக்கம் வெள்ளியாக மின்னும். களிம்பு இருந்த இடத்தில் மட்டும் பிடிக்காது.

கார்பன் நானோகுழாய் மேல் உலோகம் பூசுவதிலும் இதே பாடுதான். 1991-ல் ஜப்பானின் சுமியோ இஜிமா எழுதிய கட்டுரைக்குப் பிறகு உலகமே திரும்பிப் பார்த்த பொருள் இது. அறுகோணப் பின்னலில் நெய்த பாயைச் சுருட்டினாற்போல் கார்பன் அணுக்கள். ஒற்றைச்சுவர்க் குழாயின் குறுக்களவு சுமார் 1 நானோமீட்டர். மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. இதில் பிளாட்டினத் துகளை ஒட்டினால் ஹைட்ரஜன் போன்ற எரிபொருளிலிருந்து நேரே மின்சாரம் எடுக்கும் எரிபொருள் மின்கலத்துக்கு வினையூக்கி கிடைக்கும். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்து எங்கள் ஊருக்கு வரவழைத்த சிக்ரி ஆராய்ச்சி நிலையத்தின் துறை, இந்த மின்வேதியியல்தான். ஆனால் குழாய்கள் கற்றையாக ஒட்டிக்கொள்ளும். சுவரும் வழவழப்பு.

அதனால் முதலில் குழாய்களை நைட்ரிக் அமிலத்தில் காய்ச்சுவார்கள். சுவரில் அங்கங்கே சிறு காயம்பட்டு, கார்பன், ஆக்சிஜன், ஹைட்ரஜன் சேர்ந்த கார்பாக்சில் தொகுதிகள் முளைக்கும். உலோகத்துக்குப் பிடிமானம் அவைதான்.

அடுத்தது மீயொலி, அதாவது நம் காதுக்கு எட்டாத ஒலி. நகைக்கடையில் மூக்குத்தியின் அழுக்கை எடுக்கும் சின்னத் தொட்டியைப் பார்த்திருப்பீர்கள். அதில் அலுமினியத் தாளைச் சிறிது நேரம் தொங்கவிட்டால் ஊசியால் குத்தியதுபோல் பொத்தல் விழும். வினாடிக்கு 20,000 முறைக்கு மேல் அதிரும் ஒலி, தண்ணீரை இழுக்கும்போது நுண்குமிழிகள் பிறக்கின்றன. அமுக்கும்போது சட்டென்று நசுங்குகின்றன. அந்தக் கணத்தில் குமிழிக்குள் வெப்பம் 5,000 டிகிரி அளவுக்கு ஏறும். சுற்றியுள்ள தண்ணீரோ கைபொறுக்கும் சூட்டில்தான் இருக்கும்! எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்பு அடங்காத இடம் இது.

குமிழிகள் நசுங்கும் அதிர்ச்சியில் குழாய்க் கற்றைகள் பிரிகின்றன. குமிழியின் சூட்டில் நீர் மூலக்கூறு ஹைட்ரஜனாகவும் ஹைட்ராக்சிலாகவும் உடைகிறது. கரைசலில் கொஞ்சம் ஆல்கஹால் இருந்தால், ஹைட்ராக்சில் அதிலிருந்து ஒரு ஹைட்ரஜனைப் பிடுங்கிக்கொள்ளும். மிஞ்சும் துண்டு, உப்பாகக் கரைந்திருக்கும் உலோக அயனிக்கு எலக்ட்ரானைக் கொடுத்துவிடும். அயனி அணுவாகும். அணுக்கள் சேர்ந்து, சில நானோமீட்டர் மணிகளாக அந்தக் காயங்களில் உட்காரும்.

சரி, ஒலியை நீண்ட நேரம் விட்டால்? குழாயே துண்டுதுண்டாகும், கரைசலும் சூடேறிவிடும். அதனால்தான் பீக்கரைப் பனிக்கட்டிக்குள் வைத்து, ஒலியை விட்டுவிட்டுக் கொடுக்கிறார்கள்.