பாட்டுக்கு மதிப்பெண்ணா, பதிவுக்கு மதிப்பெண்ணா?

இசைக்கோப்பு என் தொழில். அதனால் ஆர்வலர்களுக்காக நடத்தப்படும் புதுப்பாடல் போட்டிகளில் நடுவராக அமரும் வாய்ப்பு அவ்வப்போது வருவதுண்டு. தொடக்க காலத்தில் அப்படி அமர்ந்த ஒரு போட்டியில், ஒரு பாடலுக்குப் பத்துக்கு நான்கு மதிப்பெண் இட்டேன். அது கைபேசியில் பதிவானது. தொடக்கம் முதல் முடிவு வரை மின்விசிறியின் இரைச்சல் ஓடிக்கொண்டிருந்தது. மேல்ஸ்தாயிக்குப் போகும்போதெல்லாம் பாடியவரின் சுருதி சற்றுக் கீழே விழுந்தது. போட்டி முடிந்து சில வாரங்கள் கழித்து, வேறொரு வேலையில் மூழ்கியிருந்தபோது, என் வாய் ஏதோ ஒரு மெட்டை முணுமுணுத்துக்கொண்டிருப்பதைக் கவனித்தேன். எங்கே கேட்டது என்று யோசித்தால், அந்த மின்விசிறிப் பாட்டு. உடனே முதல் பரிசு பெற்ற பாடலின் பல்லவியை நினைவுக்குக் கொண்டுவர முயன்றேன். அதன் தபலா ஒலி எவ்வளவு துல்லியமாக இருந்தது என்பது நினைவுக்கு வந்தது, மெட்டு வரவில்லை.

அன்று நான் மதிப்பிட்டது பாட்டை அல்ல, பதிவை. இந்தத் தவறை நடுவர்கள் தெரிந்து செய்வதில்லை என்பதால்தான் அது போட்டிக்குப் போட்டி தொடர்கிறது. இயற்றுதலுக்கான போட்டியில் நம் முன் இருக்க வேண்டியவை சொற்கள், மெட்டு, அமைப்பு, இவை ஒன்றோடொன்று இணங்கும் விதம் ஆகியவை மட்டுமே. குரல் வளம், வாத்திய ஒலி, மிக்ஸிங் எனும் ஒலிக்கலவை, ரீவெர்ப் எனும் எதிரொலிச் சேர்ப்பு எல்லாம் வேறொரு திறமையின் விளைவுகள். பல நேரங்களில் வேறொருவருடைய பணத்தின் விளைவுகள். இவற்றைக் கழித்துவிட்டுக் கேட்பது எளிதன்று. ஐயம் எழும்போது நான் செய்வது இதுதான்: பின்னணி இசையை நிறுத்திவிட்டு, பல்லவியை நானே கைத்தாளத்தோடு மெதுவாகப் பாடிப் பார்ப்பேன். என் குரலிலும் நிற்கிற பாட்டு, பாட்டு. பிறர் காதில் விழாத இடமாகப் பார்த்துச் செய்வது நல்லது.

ஒலியளவு ஏமாற்றுவதுபோல் வேறெதுவும் ஏமாற்றுவதில்லை. ஒரே பதிவை இருமுறை ஒலிக்கவிட்டு, இரண்டாம் முறை ஒலியை மிகச் சிறிதளவு கூட்டினால், கேட்பவர் ‘சத்தம் கூடியிருக்கிறது’ என்று சொல்வதைவிட ‘இது தெளிவாக, நிறைவாக இருக்கிறது’ என்று சொல்வதே வழக்கம். ஒலிப்பதிவுக் கூடங்களில் இது பாலபாடம். எனவே எல்லாப் பாடல்களையும் ஒரே ஒலியளவுக்குக் கொண்டுவந்த பிறகே நடுவர்களிடம் அனுப்ப வேண்டும் என்று அமைப்பாளர்களிடம் முதலிலேயே கேட்டுவிடுகிறேன். அரை மணி நேர வேலை, பலர் செய்வதில்லை.

காணொளியாக அனுப்பச் சொல்லும் போட்டிகளில் நான் அமர்வதில்லை. சியா-ஜங் சாய் என்ற ஆய்வாளர் 2013-ல் வெளியிட்ட ஆய்வொன்றில், இசைப்போட்டிகளில் வென்றவர் யார் என்பதை, இசையைக் கேட்டவர்களைவிட ஒலியே இல்லாத காணொளியைப் பார்த்தவர்கள் கூடுதலாகச் சரியாகக் கண்டுபிடித்தார்கள். தேர்ந்த இசைக்கலைஞர்களும் இதற்கு விலக்கல்ல. வாசிப்பதற்கான போட்டியிலேயே கண் காதை வெல்கிறது என்றால், முகமும் உடையும் அறையும் எந்தத் தொடர்பும் இல்லாத பாடல் இயற்றும் போட்டியில் அவற்றை ஏன் பார்க்க வேண்டும்? ஒலிக்கோப்பு, அதற்கு ஓர் எண், அவ்வளவு போதும். பெயர் வேண்டாம், ‘இது என் முதல் பாடல்’, ‘மறைந்த என் தாய்க்கு எழுதியது’ போன்ற முன்னுரைகளும் வேண்டாம். அவை உண்மையாக இருக்கலாம், மனத்தைத் தொடவும் செய்யலாம். ஆனால் அந்தத் துயரைச் சொல்லும் பொறுப்பு முன்னுரைக்கு இல்லை, பாட்டுக்கு இருக்கிறது.

கேட்கும் வரிசையும் நடுநிலையானதன்று. பெல்ஜியத்தின் குயின் எலிசபெத் பியானோ போட்டியில் வாசிக்கும் வரிசை குலுக்கல் முறையில் முடிவாகிறது; ஆனாலும் முன்னால் வாசிப்பவர்களைவிடப் பின்னால் வாசிப்பவர்கள் மேலான இடங்களைப் பெறும் போக்கு உண்டு என்பதைப் பொருளியலாளர்கள் கணக்கிட்டுக் காட்டியிருக்கிறார்கள். அந்த இடங்கள் கலைஞர்களின் பின்னாளைய வெற்றியையும் பாதித்தன என்று 2003-ல் வெளிவந்த மற்றோர் ஆய்வு சொன்னது. முதலில் வருபவருக்கு மதிப்பெண் இடும்போது நடுவர் கையை இறுக்கிப் பிடிப்பார், இன்னும் நல்லது வரக்கூடும் என்று இடம் விட்டுவைப்பார். நாற்பது பாடல்கள் இருந்தால், முதல் சுற்றில் எதற்கும் மதிப்பெண் இடாமல் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, அடுத்த நாள் வேறு வரிசையில் தொடங்குவேன். நடுவருக்கு நடுவர் வரிசை மாறுபட்டால் இன்னும் நல்லது.

பாடல் வரிகள் அச்சிட்ட தாளை முதல் முறை கேட்கும்போது கவிழ்த்து வைத்துவிட வேண்டும். தாளைப் பார்த்துக்கொண்டே கேட்டால் காது கேட்காததைக் கண் நிரப்பிவிடும். கேட்பவரின் கையில் தாள் இருக்காது. அண்மையில் ஒரு பாடலின் பல்லவி ‘கல் மனம் கரையுமா’ என்று தொடங்கியது. தாளில் குறையொன்றும் இல்லை. ஆனால் மெட்டின் முதல் ஸ்வரம் மூன்று அட்சரம், அதாவது மூன்று தாள எண்ணிக்கை, நீண்டது. அந்த நீட்சியில் ‘கல்’ என்ற குறில் ‘கால்’ ஆகிவிட்டது. ‘கால் மனம் கரையுமா’ என்று ஒவ்வொரு முறையும் பல்லவி திரும்பி வந்தபோது, சோகப் பாட்டைக் கேட்டுக்கொண்டிருந்த எங்களுக்குச் சிரிப்பை அடக்குவது பெரும்பாடாகிவிட்டது. இயற்றியவருக்கு இது கேட்டிருக்காது, ஏனெனில் அவர் மனத்தில் எப்போதும் ‘கல்’தான் ஒலிக்கும். ‘பாறை மனம் கரையுமா’ என்று மாற்றியிருந்தால் போதும். நெடிலில் தொடங்கும் சொல், அந்த நீண்ட ஸ்வரத்தில் தானாகச் சென்று அமர்ந்திருக்கும்.

எல்லா நீட்சியும் குற்றமல்ல. குறிலை இழுத்துப் பாடுவது நம் பாட்டு மரபில் இயல்பானதே. பொருள் மாறாதவரை காது அதை மன்னித்துவிடும். ‘விடு’ என்பது ‘வீடு’ ஆகும்போதும், ‘பல்’ என்பது ‘பால்’ ஆகும்போதும்தான் நான் மதிப்பெண்ணைக் குறைக்கிறேன். அதேபோல், ‘மறந்தேன்’ என்ற சொல்லை ‘மற’ என்று நிறுத்தி, மூச்சு வாங்கி, அடுத்த தாளத்தில் ‘ந்தேன்’ என்று தொடங்குகிறவர்களும் இருக்கிறார்கள். தத்தகாரத்துக்கு, அதாவது மெட்டைக் காட்டும் ‘தன தான’ அசைகளுக்கு, எழுதப் பழகாதவர்களிடம் இது மிகுதி. அசைகளை விரல்விட்டு எண்ணி நிரப்புகிறார்கள். எந்த அசையின் மேல் தாளம் விழுகிறது என்பதைப் பார்ப்பதில்லை. எதுகை, இயைபு பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை: ஒரு வரி இயைபுக்காக மட்டுமே பிறந்திருந்தால், அதை உரைநடையில் ஒருமுறை சொல்லிப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

அமைப்பைப் பொறுத்தவரை நான் மிக அடிக்கடி காணும் குறை இரண்டாம் சரணம். முதல் சரணத்தில் சொன்னதையே வேறு உவமையில் சொல்லும். காத்திருந்தேன் என்பது அங்கே கரையோரமாக இருந்தால் இங்கே சன்னலோரமாக இருக்கும். நல்ல பாட்டில் இரண்டாம் சரணம் முடிந்து பல்லவிக்குத் திரும்பும்போது, அதே சொற்கள் முன்பில்லாத ஒரு பொருளைத் தாங்கியிருக்கும். அப்படியொரு திருப்பம் இருக்கும் பாட்டுக்கு, சுருதி எவ்வளவு விலகியிருந்தாலும், என் தாளின் ஓரத்தில் ஒரு நட்சத்திரக் குறி விழும்.

சொந்தப் படைப்பா என்பது அடுத்த கேள்வி. நான்கு கார்டுகள் (chords, ஒன்றாக ஒலிக்கும் ஸ்வரக் கூட்டங்கள்) ஒரே வரிசையில் வருவதைத் திருட்டு என்று சொல்லும் நடுவர்களைச் சந்தித்திருக்கிறேன். அந்த வரிசை பொதுச்சொத்து, எத்தனையோ பாடல்கள் அதன்மேல் நிற்கின்றன. மெட்டு அப்படியல்ல. பீட்டில்ஸ் இசைக்குழுவில் இருந்த ஜார்ஜ் ஹாரிசன் 1970-ல் வெளியிட்ட பாடலொன்று, 1963-ல் வந்த வேறொரு பாடலின் மெட்டை அவர் அறியாமலேயே எடுத்தாண்டிருக்கிறது என்று 1976-ல் நியூயார்க் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவ்வளவு பெரிய கலைஞருக்கே நினைவு கற்பனையாக வேடமிட்டு வந்தது என்றால், புதியவர் ஒருவரின் மெட்டில் பழைய பாட்டின் சாயலைக் கண்டவுடன் அவரை ஏமாற்றுக்காரர் என்று எண்ணுவது நியாயமன்று. எந்தப் பாட்டு, எந்த இடம் என்று குறித்து அவரிடமே விளக்கம் கேட்க வேண்டும்.

‘மறுநாள் காலையில் நினைவில் நிற்கிறதா’ என்ற சோதனையை நானும் பயன்படுத்துகிறேன். மின்விசிறிப் பாட்டு கற்றுக்கொடுத்தது அது. ஆனால் அந்தச் சோதனைக்குள்ளும் ஒரு பள்ளம் இருக்கிறது. முன்பே பழகியதை மனம் கூடுதலாக விரும்பும் என்று உளவியலாளர் ராபர்ட் ஸயன்ஸ் (Zajonc) 1968-லேயே காட்டிவிட்டார். ஆகவே உடனே மனத்தில் ஒட்டிக்கொள்ளும் மெட்டு சிறந்ததாகவும் இருக்கலாம், ஏற்கெனவே அறிந்த ஒன்றின் நகலாகவும் இருக்கலாம். ஒட்டிக்கொண்டதற்குக் காரணம் எது என்று கேட்டுவிட்டே நான் மதிப்பெண்ணைக் கூட்டுகிறேன்.

சூனோ, யூடியோ போன்ற செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் வந்தபின், இரண்டு வரிக் குறிப்பிலிருந்து முழுப்பாடலும் குரலோடு கிடைத்துவிடுகிறது. கேட்டே கண்டுபிடித்துவிடுவேன் என்று சொல்லும் நடுவர்களை நான் நம்புவதில்லை. என் காதையும் நம்புவதில்லை. கண்டறியும் மென்பொருளின் சொல்லை மட்டும் வைத்து ஒருவர்மீது பழி சுமத்தவும் மாட்டேன். எதற்கு அனுமதி உண்டு, எதற்கு இல்லை என்று விதியில் முன்கூட்டியே எழுதிவிட்டு, இறுதிச் சுற்றுக்கு வருபவர்களிடம் மெட்டை முதன்முதலில் முனகிப் பதிந்த கோப்பையும், அடித்துத் திருத்திய வரிகளையும் கேட்கலாம். பத்து நிமிடம் பேசலாம். தானே இயற்றியவர், எந்த வரியை ஏன் வெட்டினார் என்று கேட்டால் நிறுத்தாமல் பேசுவார்.

மதிப்பெண்களைக் கூட்டும் முறையிலும் அநீதி ஒளிந்திருக்கும். மூன்று நடுவர்கள் இருக்கும் ஒரு குழுவில், ஒரு பாட்டுக்கு இருவர் 78, 77 என்றும் மூன்றாமவர் 55 என்றும் இடுகிறார்கள், கூட்டுத்தொகை 210. மற்றொரு பாட்டுக்கு அந்த இருவர் 73, 72, மூன்றாமவர் 90, கூட்டுத்தொகை 235. மூவரில் இருவர் முதல் பாட்டையே மேலானதாகக் கருதியும், இரண்டாவது பாட்டு பெரிய வேறுபாட்டில் வெல்கிறது. காரணம், தாராளமாக ஏற்றி இறக்கி மதிப்பெண் இடுகிறவரின் ஒரு வாக்கு, மற்ற இருவரின் வாக்கைவிடக் கனமாகிவிடுகிறது. ஒவ்வொருவரின் மதிப்பெண்ணையும் முதலில் தரவரிசையாக மாற்றிவிட்டுப் பின்னர் சேர்த்தால் இந்தக் கோணல் பெருமளவு நிமிரும். மாணவரோ உறவினரோ அனுப்பிய பாட்டை அடையாளம் கண்டுகொண்ட நடுவர், அந்தப் பாட்டுக்கு மட்டும் விலகிக்கொள்ள வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை என்று நினைத்திருந்தேன், தேவையிருக்கிறது.

பங்கேற்பவர்களுக்கு ஒரு சொல். ‘அனுப்பப்படும் பாடல்களின் அனைத்து உரிமைகளும் அமைப்பாளரையே சாரும்’ என்ற வரி விதிகளில் இருந்தால், பரிசு எவ்வளவு பெரிதானாலும் அனுப்பாதீர்கள். போட்டியை நடத்துவதற்கு ஒலிபரப்பும் அனுமதி மட்டுமே போதும்.

மதிப்பெண்ணோடு கருத்தும் எழுதி அனுப்ப வேண்டும் என்று நான் வற்புறுத்துவேன். ‘நல்ல முயற்சி’ என்பது கருத்தன்று. எந்த நிமிடத்தில், எந்தச் சொல்லில், என்ன நிகழ்கிறது என்று எழுத வேண்டும். மதிப்பெண்ணுக்கு முன்னால் எழுத வேண்டும், ஏனெனில் எண்ணை இட்டபின் எழுதுவதெல்லாம் அந்த எண்ணுக்கு வக்காலத்தாகவே அமையும். ஒருமுறை, ‘1:40-ல் இடையிசை இல்லாமல் சரணத்துக்குள் பாய்வது அவசரமாக இருக்கிறது’ என்று எழுதியிருந்தேன். இயற்றியவரிடமிருந்து பணிவான பதில் வந்தது: பாட்டில் பேசுகிறவள் அந்த இடத்தில் எதிராளியின் பேச்சை மறித்துப் பேசத் தொடங்குகிறாள், அதனால்தான் இடைவெளி இல்லை என்று. திரும்பக் கேட்டேன். அவர் சொன்னதுதான் சரி. முடிவுகள் வெளியாகி அப்போது இரண்டு வாரம் ஆகியிருந்தது.