‘இன்ஷா அல்லாஹ்’ விதியன்று

இலங்கையில் ஹட்டனை அடுத்த தேயிலைத் தோட்டமொன்றில் நடக்கும் எங்கள் ஜெபக்கூட்டத்திற்கு, குவைத்தில் பல வருடம் வீட்டு வேலை செய்துவிட்டு ஊர் திரும்பிய அக்கா ஒருவர் வருகிறார். சென்ற மாதம் கூட்டம் முடிந்து எல்லோரும் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது, அடுத்த வாரமும் வருவீர்களா என்று யாரோ கேட்க, “இன்ஷா அல்லாஹ், வருவேன்” என்று பழக்கத்தில் சொல்லிவிட்டார். சபை மூப்பரின் முகம் சுருங்கியது. கொழும்பிலிருந்து வரும் போதகர்களுக்கு மேடையில் மொழிபெயர்த்துக் கொடுக்கும் தம்பி ஒருவர் பக்கத்தில் நின்றார். அவர் நிலைமையைச் சமாளிக்க எண்ணி, “அது ஒன்றுமில்லை ஐயா, ‘எல்லாம் விதிப்படி’ என்று அர்த்தம்” என்றார். மூப்பரின் முகம் இன்னும் சுருங்கியது. அக்கா கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, “நான் அப்படிச் சொல்லவில்லையே” என்று மட்டும் சொன்னார். அவர் சொன்னதே சரி. இந்த ‘விதிப்படி’யைச் சின்னத்திரைத் தமிழாக்கங்களிலும் பிரசங்க மேடைகளிலும் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

அரபியில் இது மூன்று சொற்களாலானது. ‘இன்’ என்பது நிபந்தனையைக் காட்டும். ‘ஷாஅ’ என்றால் நாடினான். மூன்றாவது இறைவனின் பெயர். சேர்த்துச் சொன்னால் ‘இறைவன் நாடினால்’. ‘நாளை இதைச் செய்வேன்’ என்று எதைப் பற்றியும் இறை நாட்டத்தைச் சேர்க்காமல் சொல்லாதே என்று குர்ஆனின் 18ஆம் அத்தியாயத்தில் 23, 24ஆம் வசனங்கள் கூறுகின்றன; வழக்கின் வேர் அங்கே இருக்கிறது. சொல் வரலாறு இவ்வளவுதான்.

இனி விதிக்கு வருவோம். விதி என்பது முன்னமே எழுதி முடிக்கப்பட்டது. அதில் ‘ஆல்’ விகுதிக்கு இடமில்லை. ‘விதி விரும்பினால் வருவேன்’ என்று தமிழில் எவரும் சொல்வதில்லை, ஏனெனில் விதிக்கு விருப்பம் கிடையாது. ‘ஊழிற் பெருவலி யாவுள’ என்று கேட்கும் வள்ளுவர், நாம் வேறொன்றைச் சூழ்ந்தாலும் அது முந்திக்கொண்டு நிற்கும் என்கிறார். அங்கே நாம் முகம் பார்த்துக் கேட்பதற்கு எதிரில் ஓர் ஆள் இல்லை. ‘இன்ஷா அல்லாஹ்’ என்று சொல்பவரோ, விருப்பமுள்ள ஒருவரை முன்னால் நிறுத்தி, தம் திட்டத்தை அவர் கையில் வைத்துவிட்டுப் பேசுகிறார். எங்கள் டவுனில் ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கும் முஸ்லிம் நானாவிடம் கூரைத் தகரம் எப்போது வரும் என்று கேட்டால், “இன்ஷா அல்லாஹ், வெள்ளிக்கிழமை லொறி வரும் தம்பி” என்பார். அதை ‘விதிப்படி வெள்ளிக்கிழமை லொறி வரும்’ என்று பெயர்த்துப் பாருங்கள். லொறிக்கு ஏதோ கண்டம் இருப்பதுபோல் தொனிக்கும். தோட்டத்து லயன் வீடுகளில் ஒருவர் ‘எல்லாம் விதி’ என்று பெருமூச்சு விட்டால், நடந்து முடிந்த ஒரு துக்கத்தைப் பற்றிப் பேசுகிறார் என்று பொருள். நானா பேசுவது இன்னும் வராத வெள்ளிக்கிழமையைப் பற்றி.

அந்தத் தம்பி விட்டுக்கொடுக்கவில்லை. முஸ்லிம்கள் விதியை நம்புகிறவர்கள்தானே, தமிழ் முஸ்லிம்களே தங்கள் நூல்களில் விதி என்றுதானே எழுதுகிறார்கள் என்று கேட்டார். எழுதுகிறார்கள், உண்மைதான். ஆனால் அது, இறைவன் முன்னமே நிர்ணயித்ததைக் குறிக்கும் ‘கத்ர்’ என்னும் வேறொரு அரபுச் சொல்லுக்கு அவர்கள் கொடுத்த தமிழ். அவர்களுடைய ஈமானின், அதாவது நம்பிக்கையின், ஆறு அம்சங்களில் கடைசியாக எண்ணப்படுவது. ‘இன்ஷா அல்லாஹ்’வை அதே முஸ்லிம்கள் தமிழில் எழுதும்போது ‘அல்லாஹ் நாடினால்’, ‘இறைவன் நாடினால்’ என்றே எழுதுகிறார்கள். சொல்லின் சொந்தக்காரர்களே தெளிவான தமிழைக் கையில் தந்திருக்க, அதைத் தள்ளிவிட்டு அவர்களின் இன்னொரு கோட்பாட்டிலிருந்து ஒரு சொல்லைப் பிடுங்கி இங்கே ஒட்டுவதை என்னால் மொழிபெயர்ப்பு என்று ஏற்க முடியவில்லை. வேறு சிலர் ‘கடவுள் புண்ணியத்தில்’ என்கிறார்கள். அது கிடைத்துவிட்ட நன்மைக்குச் சொல்வது; நல்லதைக் கண்டு முஸ்லிம்கள் சொல்லும் ‘மாஷா அல்லாஹ்’வுக்குப் பக்கத்தில் வேண்டுமானால் நிற்கும்.

மூப்பரின் மனக்குறை வேறு. அது முஸ்லிம்களின் வார்த்தை, கிறிஸ்தவர் வாயில் வரலாகாது என்பது அவர் கட்சி. அவருடைய பக்தியை நான் மதிக்கிறேன், வாதத்தை ஏற்கவில்லை. அரபு பேசும் கிறிஸ்தவர்கள் தங்கள் ஜெபத்திலும் வேதத்திலும் ‘அல்லாஹ்’ என்றே சொல்கிறார்கள். 1865இல் வெளிவந்த வான் டைக் அரபு வேதாகமத்தில், எபேசுவை விட்டுப் புறப்படும் பவுல் திரும்பி வருவதாகச் சொல்லும் அப்போஸ்தலர் 18:21இல், எழுத்துக்கு எழுத்து ‘இன் ஷாஅ அல்லாஹ்’ என்றே இருக்கிறது. கத்தோலிக்கர் நிறைந்த மால்ட்டாத் தீவிலும் கடவுளுக்குப் பெயர் ‘அல்லா’தான். மறுபக்கம், கிறிஸ்தவர்கள் அச்சொல்லை எழுதலாமா என்று மலேசியாவில் பல வருடம் வழக்காடினார்கள். ஆகவே, பெயர் யாருக்குச் சொந்தம் என்ற சண்டை இரு வீட்டிலும் உண்டு.

மேலே சொன்ன அதே வசனம் எங்கள் பழைய தமிழ் வேதாகமத்தில் ‘தேவனுக்குச் சித்தமானால்’ என்று வருகிறது. யாக்கோபு 4:15 ‘ஆண்டவருக்குச் சித்தமானால், நாங்களும் உயிரோடிருந்தால், இன்னின்னதைச் செய்வோம்’ என்று சொல்லும்படி கட்டளையே இடுகிறது. குர்ஆன் வசனத்தின் பக்கத்தில் இதை வைத்துப் படித்தால், நாளையைப் பற்றிய அதே எச்சரிக்கை இரண்டிலும் கேட்கும். அன்று மாலை யாக்கோபின் இந்த அதிகாரத்தைத்தான் வாசித்தோம் என்பதும், வாசித்தவர் அந்தத் தம்பிதான் என்பதும் எனக்குப் பிறகே உறைத்தது.

‘சித்தம்’ வடசொல். ‘சித்தம் கலங்கியவன்’ என்று மனத்தைக் குறிக்கவே அது வெளியில் பெரும்பாலும் வழங்குகிறது. விருப்பம் என்னும் பொருள் இன்று பெரும்பாலும் தேவாலயச் சுவருக்குள்தான் நிற்கிறது. கத்தோலிக்கர் ஜெபத்தில் சொல்லும் ‘திருவுளம்’ எனக்கு அதைவிடப் பிடிக்கும். ‘உள்ளம்’ அதில் தெரிகிறது. அதற்கும் ஒரு குறை உண்டு: ‘திருவுளச்சீட்டு’ என்றவுடன் குலுக்கிப் போடும் சீட்டு நினைவுக்கு வந்து, குருட்டு வாய்ப்பின் வாடை அடிக்கிறது. இஸ்லாமியத் தமிழின் ‘நாடினால்’ இவ்விரண்டையும்விடத் தெளிவான தமிழ். தேடுதல், விரும்புதல் என்னும் பழம்பொருளிலிருந்து இறைவனின் விருப்பத்திற்கு அதை உயர்த்தியவர்கள் அவர்கள். அதற்காக நாம் பொறாமைப்பட்டாலும் தவறில்லை.

முஸ்லிம் ஒருவரின் பேச்சைத் தமிழில் எழுதும்போது ‘இன்ஷா அல்லாஹ்’வை அப்படியே விடலாம், பொருள் வேண்டுமென்றால் ‘இறைவன் நாடினால்’ என்று எழுதலாம். கிறிஸ்தவர் தம் பேச்சில் ‘ஆண்டவருக்குச் சித்தமானால்’ என்றோ ‘ஆண்டவர் திருவுளம் கொண்டால்’ என்றோ சொல்லட்டும். குவைத்திலிருந்து வந்த அக்காவின் நாக்கில் ‘இன்ஷா அல்லாஹ்’ இன்னும் சில காலம் தங்கினால், அதை மூப்பர் பொறுத்துக்கொள்ளலாம்.