குளிர் அறையில் 6535 டிகிரி

வாசகர் ஒருவர் ஐஸ்கிரீம் மொத்த வியாபாரம் செய்கிறார். அவருடைய குளிர் அறையின் கம்ப்ரஸரை ஒரு பிஎல்சி, அதாவது இயந்திரங்களைக் கட்டுப்படுத்தும் சிறு தொழிற்சாலைக் கணினி, இயக்குகிறது. அறைக்குள் ஒரு ஜிக்பீ (குறைந்த மின்சாரத்தில் ஓடும் வயர்லெஸ் முறை) வெப்பநிலை சென்சாரை வைத்து, அது தரும் அளவை ஹோம் அசிஸ்டன்ட் என்ற வீட்டுத் தானியக்க மென்பொருள் வழியாக, கருவிகள் பேசிக்கொள்ளும் மொழியான மோட்பஸில் பிஎல்சிக்கு அனுப்பிப் பார்த்திருக்கிறார். போனில் -18.5 டிகிரி. பிஎல்சி திரையிலோ 6535.1! சூரியனின் மேற்பரப்பே ஏறத்தாழ 5,500 டிகிரிதான். "சென்சார் போய்விட்டதா, கேபிளில் நாய்ஸா?" என்று கேட்கிறார். பேனலில் எலுமிச்சம்பழம் கட்டச் சொல்லியும் யோசனை வந்ததாம். பழத்தை ஜூஸ் போட்டுக் குடிக்கலாம்; எதுவும் கெட்டுப்போகவில்லை.

மோட்பஸ் 1979-இல் மோடிகான் நிறுவனம் தன் பிஎல்சிகளுக்காக வெளியிட்டது. விதிமுறை திறந்தே கிடந்ததால் எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். அதில் அளவீடுகள் தங்கும் இடத்துக்கு ரெஜிஸ்டர் என்று பெயர். ஒவ்வொன்றும் 16 பிட், அதாவது 0 முதல் 65535 வரை ஓர் எண். ஈதர்நெட் வழியே ஒரு ரெஜிஸ்டரில் எழுதச் சொல்லும் கட்டளை மொத்தமே 12 பைட். அதில் அலகு கிடையாது, தசமப்புள்ளி கிடையாது, கழித்தல் குறியும் கிடையாது.

தசமப்புள்ளிக்கு வழி எளிது: 10-ஆல் பெருக்கி அனுப்பி, அந்தப் பக்கம் 10-ஆல் வகுத்துக்கொள்ள வேண்டும். -18.5 என்பது -185 ஆகிவிடும். சரி, கழித்தல் குறியை என்ன செய்வது?

எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். ஸ்கூட்டரின் கிலோமீட்டர் மீட்டர் 00000-இல் நிற்கும்போது ஒன்று பின்னால் சுற்றினால் 99999 வரும். 16 பிட் ரெஜிஸ்டரும் அப்படித்தான்: பூஜ்யத்திலிருந்து ஒன்று பின்னால் போனால் 65535. ஆக -1 என்பது 65535, -2 என்பது 65534. -185 என்பது 65536 - 185 = 65351. அதை 10-ஆல் வகுத்தால் 6535.1. வாசகரின் திரையில் வந்த அதே எண்!

அழகு இனிமேல்தான். குளிர் அறை 20 டிகிரி சூடாகிறது என்று வைத்துக்கொள்வோம். 65351-உடன் 200-ஐக் கூட்டினால் 65551. இது 16 பிட்டில் அடங்காது. மேலே வழியும் ஒரு பிட் (அதன் மதிப்பு 65536) கீழே விழ, மீதி 15. அதாவது 1.5 டிகிரி. -18.5-உடன் 20-ஐக் கூட்டினாலும் அதேதான்! கூட்டும் மின்சுற்றுக்கு எதிர்மறை எண் என்று ஒன்று இருப்பதே தெரியாது, ஆனாலும் விடை சரி. கழித்தலுக்கென்று தனிச் சுற்று கட்டும் செலவே மிச்சம்.

எனவே வாசகர் செய்ய வேண்டியது, பிஎல்சி நிரலில் அந்த மாறியைக் குறியற்ற எண்ணாக வைத்திருப்பதைக் குறியுள்ள 'இன்ட்' வகைக்கு மாற்றுவது மட்டுமே. பிட்டுகள் அதேதான், வாசிக்கும் விதம்தான் வேறு. இன்னொன்று: சில கையேடுகள் 40101 என்று எழுதும் ரெஜிஸ்டரின் உண்மையான முகவரி 100. முன்னால் உள்ள 4 ரெஜிஸ்டரின் வகையை மட்டும் சொல்கிறது; மீதி 101 என்பது 100 ஆவது, எண்ணிக்கை பூஜ்யத்தில் தொடங்குவதால் வரும் ஒன்றுக் குழப்பம்.

வேடிக்கை என்னவென்றால், ஜிக்பீ சென்சாரே வெப்பநிலையை 16 பிட் குறியுள்ள எண்ணாகத்தான் அனுப்புகிறது, 100-ஆல் பெருக்கி: -1850. நடுவில் அதைத் தசம எண்ணாக மாற்றி, நாம் மறுபடி முழு எண்ணாக்குகிறோம்.

ஆனால் ஜிக்பீயிடம் உள்ள ஒரு நல்ல வழக்கம் மோட்பஸில் இல்லை. அளவு தெரியவில்லை என்று சொல்வதற்கு ஜிக்பீ -32768-ஐ ஒதுக்கி வைத்திருக்கிறது. மோட்பஸ் ரெஜிஸ்டரோ கடைசியாக எழுதியதை அப்படியே வைத்திருக்கும். கடுங்குளிரில் சென்சாரின் பட்டன் பேட்டரி படுத்துவிட்டாலும் திரையில் -18.5 நிற்கும், உள்ளே ஐஸ்கிரீம் உருகிக்கொண்டிருக்கும். ஆகவே இன்னொரு ரெஜிஸ்டரில், சென்சாரிடமிருந்து புதிய அளவு வரும்போதெல்லாம் ஒன்று கூடும் எண்ணையும் எழுதுங்கள். சென்சார் வழக்கமாகச் செய்தி அனுப்பும் இடைவெளியைவிடக் கொஞ்சம் கூடுதலான நேரத்துக்கு அது மாறாவிட்டால் பிஎல்சி அலாரம் அடிக்கட்டும்.

கம்ப்ரஸரை நிறுத்தும் முடிவை மட்டும் இந்த வயர்லெஸ் எண்ணிடம் விடவே கூடாது என்பது என் பிடிவாதம். அதற்கு பிஎல்சியில் நேரடியாக வயர் இழுத்த சென்சார்தான். இந்த மோட்பஸில் பாஸ்வேர்டு என்று ஒன்றே கிடையாது என்பதால், ரவுட்டரில் மோட்பஸ் பயன்படுத்தும் 502 போர்ட்டை இணையத்துக்குத் திறந்துவிடவும் வேண்டாம்.