தனிக்கோள்: விண்மீன் இல்லாத உலகத்துக்கு ஒரு பெயர்

எந்த விண்மீனையும் சுற்றாமல், விண்மீன்களுக்கு இடையிலுள்ள இருண்ட வெளியில் போய்க்கொண்டிருக்கும் கோளை ஆங்கிலத்தில் 'ரோக் பிளானெட்' என்பார்கள். தமிழில் இதற்கு முரட்டுக் கோள், நாடோடிக் கோள், அனாதைக் கோள், தனிக்கோள் என்று ஆளுக்கொரு விதமாக எழுதிவருகிறோம். ஒரு கலைச்சொல் நிலைபெறும் முன் இப்படிப் பல சொற்கள் போட்டியிடுவது வழக்கம்தான். ஆனால் இந்தப் பெயர்கள் கோளின் இயல்பைச் சொல்வதைவிட, அதைப் பற்றிக் கேள்விப்பட்டதும் நம் மனத்தில் எழும் உணர்ச்சியைத்தான் அதிகம் சொல்கின்றன. எந்தச் சொல்லை எடுக்கிறோமோ, அந்த உணர்ச்சியும் கூடவே ஒட்டிக்கொண்டு வரும்.

முதலில் ஆங்கிலச் சொல். 'ரோக்' 16ஆம் நூற்றாண்டில் புழக்கத்துக்கு வந்தபோது, ஊர் ஊராகத் திரிந்து பிச்சையெடுத்துப் பிழைப்பவனைக் குறித்தது. கேட்டல், இரத்தல் என்று பொருள்படும் 'ரொகாரே' என்ற லத்தீன் வினையோடு அதற்கு உறவு இருக்கலாம் என்பார்கள். வீடு வாசல் இல்லாமல் திரிபவன் திருடனாகத்தான் இருப்பான் என்ற நினைப்பு எல்லாச் சமூகங்களிலும் உண்டு. அந்த வழியிலேயே சொல்லும் போக்கிரி, அயோக்கியன் என்ற பொருளுக்கு நகர்ந்தது. 19ஆம் நூற்றாண்டில் அதை யானைக்கும் சேர்த்தார்கள். கூட்டத்தை விட்டுப் பிரிந்து மூர்க்கமாகத் திரியும் யானை, நம் செய்தித்தாள்கள் 'ஒற்றை யானை' என்று எழுதுமே, அதற்கு இந்த அடைமொழி வந்தது. கோளுக்கு இது பொருந்தியதும் யானையின் வழியாகத்தான் என்று எனக்குப் படுகிறது. கூட்டத்தோடு இருந்தது, பிரிந்துவிட்டது, இனி என்ன செய்யும் என்று தெரியாது.

'பிளானெட்' கதை சின்னது. கிரேக்கத்தில் அதற்கு 'அலைபவன்' என்று பொருள். மற்ற விண்மீன்களெல்லாம் தங்களுக்குள் இடம் மாறாமல் இருக்க, சில மட்டும் இரவுக்கு இரவு நகர்ந்ததால் வந்த பெயர். அதனால் 'அலையும் கோள்' என்பது, வேரைப் பார்த்தால், 'அலையும் அலைவோன்' என்றுதான் ஆகும்.

நம்முடைய கோள் வேறு வேரிலிருந்து வருவது. கெடு கேடானது போல, சுடு சூடானது போல, கொள் என்ற வினை முதல் நீண்டு கோள் ஆயிற்று. இலக்கணத்தில் முதனிலை திரிந்த தொழிற்பெயர் என்பார்கள். கொள்ளுதல், பற்றுதல் என்பதுதான் அடிப்படைப் பொருள். வடமொழியின் 'கிரகம்' என்பதற்கும் பற்றுவது என்றே பொருள். பட்டினப்பாலையில் 'நாண்மீன் விராய கோண்மீன் போல' என்று ஓர் உவமை வருகிறது. நாள்மீன் என்றால் நட்சத்திரம், கோள்மீன் என்றால் கிரகம். இரண்டும் வெவ்வேறு என்று பிரித்துப் பெயரிட்டவர்கள், இரண்டும் வானில் கலந்து தெரியும் அழகையும் பார்த்திருக்கிறார்கள். சூரியனிடமிருந்து ஒளியைக் கொள்வதால்தான் கோள் என்று விளக்கம் சொல்பவர்கள் உண்டு. பழைய கணக்கில் ஞாயிறும் திங்களும்கூடக் கோள்களாக எண்ணப்பட்டவை என்பதால், அது பின்னாளில் கட்டிய விளக்கம் என்றே நான் நினைக்கிறேன்.

நம் வேலைக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது. 'கோள்' என்ற சொல்லுக்குள் சூரியனும் இல்லை, சுற்றுப்பாதையும் இல்லை. சர்வதேச வானியல் ஒன்றியம் 2006இல் வகுத்த வரையறையோ, சூரியனைச் சுற்றுவதை முதல் நிபந்தனையாக வைக்கிறது. 2003இல் அதே ஒன்றியத்தின் பணிக்குழு ஒன்று, இளம் விண்மீன் கூட்டங்களில் தனியாகத் திரியும் இந்தப் பொருட்களைக் கோள் என்று சொல்லக் கூடாது, 'துணைப் பழுப்புக் குள்ளன்' (விண்மீனாகும் அளவுக்கு நிறை இல்லாத பழுப்புக் குள்ளனைவிடவும் சிறியது) என்பது போல வேறு பெயர் சொல்லலாம் என்றது. ஆய்வாளர்கள் பலர் அதைப் பொருட்படுத்தாமல் கோள் என்றே எழுதுகிறார்கள். வியாழனைப் போல சுமார் 13 மடங்கு நிறை வரை, உள்ளே டியூட்டீரியம் என்ற கனமான ஹைட்ரஜனின் அணுக்கரு இணைவு நடக்காது. அந்த எல்லைக்குக் கீழே இருப்பதைக் கோள் என்று அழைக்கத் தமிழ் வேர் எந்தத் தடையும் சொல்லவில்லை.

சரி, அடைமொழிக்கு வருவோம்.

தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளை, அதாவது உடலில் வெளிப்படும் உணர்ச்சிகளைச் சொல்லி, ஒவ்வொன்றும் எதிலிருந்து பிறக்கும் என்று நான்கு நான்கு காரணங்களைத் தருகிறது. அச்சம் பிறப்பது அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை ஆகிய நான்கிலிருந்து. அழுகை பிறப்பது இளிவு, இழவு, அசைவு, வறுமை ஆகியவற்றிலிருந்து. வியப்பை அது மருட்கை என்கிறது. 'புதுமை பெருமை சிறுமை ஆக்கமொடு மதிமை சாலா மருட்கை நான்கே'. புதியது, மிகப் பெரியது, மிகச் சிறியது, ஒன்று இன்னொன்றாக மாறுவது. இந்த நான்கின் முன்னாலும் அறிவு நிரம்பாமல் நிற்கும் நிலைதான் மருட்கை. பெரியதைக் கண்டு வரும் மலைப்பும் சிறியதைக் கண்டு வரும் மலைப்பும் ஒரே உணர்ச்சி என்று சொன்னது எத்தனை நுட்பம்! அண்டத்தின் பரப்பை எண்ணும்போது நமக்கு நேர்வது இதுதான். வெளி பெரிதாகத் தெரியும் அதே நொடியில் நாம் சிறிதாகத் தெரிகிறோம்.

இந்தக் கண்ணோடு பார்த்தால் நம் பெயர்கள் தாமாகவே பிரிந்து நிற்கின்றன. 'முரட்டுக் கோள்' அச்சத்தைச் சேர்ந்தது. ஆங்கிலச் சொல்லின் வரலாற்றில் விலங்கும் கள்வனும் இருப்பதைப் பார்த்தோம். தொல்காப்பியம் அச்சத்துக்குச் சொல்லும் காரணங்களில் இரண்டு அவை. இதைப் படித்துவிட்டு, அப்படி ஒன்று வந்து பூமியை மோதிவிடுமோ என்று பயப்படுவோர் உண்டு. அவர்களைக் குறைசொல்ல மாட்டேன், பெயரே அப்படித்தான் பயமுறுத்துகிறது. ஆனால் சூரியனுக்கு மிக அருகிலுள்ள விண்மீனான பிராக்ஸிமா சென்டாரியே 4.24 ஒளியாண்டு தள்ளி இருக்கிறது. ஏறக்குறைய 40 லட்சம் கோடி கிலோமீட்டர். இவ்வளவு இடைவெளியில் ஒரு கோள் எதையாவது மோதுவது மிக மிக அரிது. அப்புறம், அதன் ஓட்டத்தில் முரட்டுத்தனமும் இல்லை. சூரியனைப் போலவே அதுவும் பால்வீதியின் மையத்தைச் சுற்றுகிறது. சூரியன் ஒரு சுற்றை முடிக்க இருபது கோடி ஆண்டுகளுக்கு மேல் எடுத்துக்கொள்கிறது. இந்தக் கோள்களுக்கும் அப்படி நெடிய சுற்று உண்டு. ஈர்ப்பு விதியை மீறி ஓடும் பொருள் எதுவும் வானில் கிடையாது. 'தறிகெட்ட கோள்' என்பதும் இதனால்தான் தவறு. 'மிதக்கும் கோள்' என்பதும் அப்படியே, அங்கே மிதப்பதற்கு எதுவும் இல்லை.

'அனாதைக் கோள்' அழுகையைச் சேர்ந்தது. நாதன் இல்லாதது, காப்பவர் இல்லாதது என்ற வடசொல். இழவு, வறுமை இரண்டும் அதில் அடங்கிவிடும். இந்தப் பெயருக்கு ஒரு நியாயம் உண்டு. கோள்கள் உருவாகும் தொடக்க காலத்தில் ஒரே விண்மீனைச் சுற்றும் பெரிய கோள்கள் ஒன்றையொன்று ஈர்த்து இழுக்க, சிறியது வெளியே தூக்கி எறியப்படலாம். அருகே வரும் இன்னொரு விண்மீனும் அப்படிப் பறித்துவிடலாம். இது ஒரு வழி. இன்னொரு வழியில், வாயுவும் தூசியும் கலந்த மேகத்தின் ஒரு சிறு துண்டு விண்மீனைப் போலவே தன் எடையால் தானே சுருங்கிக் கோளின் அளவில் நின்றுவிடும். அதற்குப் பிரிந்துவர ஒரு குடும்பமே இருந்ததில்லை. அதை அனாதை என்பது எப்படிப் பொருந்தும்?

இந்த இரண்டாம் வகைக்கு நம்மிடம் அருமையான ஒரு சொல் இருக்கிறது: தான்தோன்றி. பேச்சுவழக்கில் அடங்காதவனைச் சொல்வது, கோயில் வழக்கில் தானே தோன்றிய திருமேனியைச் சொல்வது. ஆனால் தூக்கி எறியப்பட்ட கோள்களுக்கு அது பொருந்தாது என்பதால் பொதுப்பெயராக வைக்க முடியாது.

இரக்கப்படவும் பெரிதாக ஒன்றும் இல்லை. பச்சோந்தி விண்மீன் தொகுதியில், சுமார் 620 ஒளியாண்டு தொலைவில், வியாழனைப் போல 5 முதல் 10 மடங்கு நிறையுள்ள ஒரு தனிக்கோள் இருக்கிறது. 'சா 1107-7626' என்று அட்டவணைப் பெயர். தன்னைச் சுற்றியுள்ள வாயு, தூசித் தட்டிலிருந்து அது பொருளை உள்ளிழுத்து வளர்ந்துகொண்டிருக்கிறது. 2025இல் அந்த வேகம் நொடிக்கு சுமார் 600 கோடி டன் வரை ஏறியதை ஐரோப்பியத் தெற்கு வானாய்வகத்தின் தொலைநோக்கி பதிவு செய்தது. விண்மீன் இல்லாத கோள் என்றால் செத்துப்போன கோள் என்று நினைப்போருக்கு இந்த ஒன்றே போதும்.

எண்ணிக்கையும் அனாதை என்ற சொல்லுக்கு எதிராகத்தான் பேசுகிறது. பால்வீதியில் ஒரு விண்மீனுக்கு இருபது தனிக்கோள் வரை இருக்கலாம் என்று ஜப்பானிய, நியூசிலாந்து ஆய்வாளர்கள் சேர்ந்து நடத்தும் 'மோவா' கணக்கெடுப்பு 2023இல் மதிப்பிட்டது. விண்மீன்களே குறைந்தது 10,000 கோடி. அந்த மதிப்பீடு சரியென்றால் தனிக்கோள்கள் லட்சம் கோடிக் கணக்கில் இருக்கின்றன. நம்முடையதைப் போலச் சூரியனின் கீழ் இருப்பவைதான் விதிவிலக்கோ என்று கேட்கும்படி ஆகிவிடுகிறது.

ஒளியே இல்லாத பொருளை எப்படி எண்ணினார்கள் என்பதைச் சொல்லாமல் விட மனமில்லை. தொலைவிலுள்ள ஒரு விண்மீனுக்கும் நமக்கும் நடுவே கோள் ஒன்று துல்லியமாகக் குறுக்கே வந்தால், அதன் ஈர்ப்பு பின்னாலிருந்து வரும் ஒளியை வளைத்துக் குவிக்கும். விண்மீன் கொஞ்ச நேரம் கூடுதலாகப் பிரகாசித்துப் பழைய நிலைக்குத் திரும்பும். குறுக்கே வரும் பொருளின் நிறை குறையக் குறைய அந்த நேரமும் குறையும். விண்மீன் குறுக்கே வந்தால் அது நாட்கணக்கில், வாரக்கணக்கில் நீளும். போலந்து வானியலாளர்கள் சிலியிலிருந்து நடத்தும் 'ஓகிள்' கணக்கெடுப்பில் 2016இல் பதிவான ஒரு நிகழ்வின் கால அளவு வெறும் 42 நிமிடம். குறுக்கே போனது செவ்வாய்க்கும் பூமிக்கும் இடைப்பட்ட நிறையுள்ள கோளாக இருக்கக்கூடும் என்று 2020இல் அறிவித்தார்கள். அந்த ஒளி மறுபடி அப்படி ஏறப்போவதில்லை. அந்தக் கோளை நாம் இனி எப்போதும் காணப்போவதும் இல்லை. பல கோடி விண்மீன்களை ஆண்டுக்கணக்கில் விடாமல் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு 42 நிமிடம் அகப்பட்டது. மருட்கை என்று இதைச் சொல்லாமல் வேறு எதைச் சொல்வது?

'நாடோடிக் கோள்' எனக்குப் பிடித்த பெயர்தான். 2012இல் வெளிவந்த ஓர் ஆய்வுக்கட்டுரையும் இவற்றை நாடோடிகள் என்றே அழைத்தது. புளூட்டோ அளவுள்ளவற்றையும் சேர்த்தால் ஒரு விண்மீனுக்கு ஒரு லட்சம் வரைகூட இருக்கலாம் என்று கணக்குப் போட்டது அதுதான். ஆனால் நாடோடி என்றால் ஓரிடத்தில் தங்கி, கிளம்பி, இன்னோரிடம் சேர்பவர். இந்தக் கோள்கள் எங்கும் சேர்வதில்லை. கதையில் எழுதலாம், கட்டுரைக்குச் சரிவராது.

'தனி' என்ற அடைமொழிக்கு நான் வாதாடுவது, அது அச்சம், அழுகை, மருட்கை என்ற மூன்று உணர்ச்சிகளில் எதையும் முன்கூட்டித் திணிக்காததால்தான். தனிமை என்றால் துயரம் தொனிக்கும். தனித்தன்மை என்றால் பெருமை தொனிக்கும். தனியரசு என்றால் யாருக்கும் கட்டுப்படாத நிலை. இந்த மூன்றும் ஒரே வேரில் கிளைத்தவை. துயரம் எது, பெருமை எது என்பதை வாசிப்பவர் முடிவு செய்துகொள்ளலாம்.

'கட்டுப்படாத நிலை' என்பது வெறும் அலங்காரமும் அல்ல. பூமியையே சூரியனிடமிருந்து பிரித்துவிட்டால் என்ன ஆகும்? உள்ளிருந்து கசியும் வெப்பம் சதுர மீட்டருக்குப் பத்தில் ஒரு வாட்டுக்கும் குறைவு. அதை மட்டும் வைத்து மேற்பரப்பு மைனஸ் 238 டிகிரி செல்சியஸ் அளவில்தான் நிற்கும். நாம் சுவாசிக்கும் நைட்ரஜனும் ஆக்சிஜனும் உறைந்து தரையில் படிந்துவிடும். ஆனால் கால்டெக் எனப்படும் கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த டேவிட் ஸ்டீவன்சன் 1999இல் வேறொரு சாத்தியத்தைச் சொன்னார். பூமி போன்ற கோள் ஒன்று அடர்ந்த ஹைட்ரஜன் காற்றுமண்டலத்தோடு வெளியேறியிருந்தால், அந்தப் போர்வை உள்வெப்பத்தைப் பிடித்துவைத்து, மேற்பரப்பில் நீர் நீராகவே இருக்கும்படி செய்யலாம். பகலே வராத ஒரு கடல். கோள் தன்னைத்தானே சுற்றுவதால் விண்மீன்கள் மட்டும் உதித்து மறையும், அதுவும் அந்தக் காற்றின் ஊடே தெரிந்தால். யாரிடமும் ஒளியைக் கொள்ளாமல் தன் வெப்பத்தில் தானே வாழும் அப்படியொரு கோள் இருக்குமானால், அதைத் தனி என்று சொல்வதில் குறை ஒன்றும் இல்லை.

வழக்கில் கவனிக்க வேண்டியவை சில. 'தனிக்கோள்' என்று ஒரே சொல்லாகச் சேர்த்து எழுத வேண்டும். 'தனிக் கோள்' என்று பிரித்தால் 'வேறொரு கோள்' என்ற பொருளோடு குழம்பும். இங்கே தனி என்பது விண்மீனிலிருந்து தனி என்பதையே குறிக்கும், துணையே இல்லாதது என்று ஆகாது. தனிக்கோளைத் துணைக்கோள்கள் சுற்றிவரலாம். 2023இல் ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கி எடுத்த, விண்மீன்கள் பிறக்கும் மேகமான ஓரியன் நெபுலாவின் படங்களில், வியாழன் அளவு நிறையுள்ளவை இரண்டிரண்டாக, ஏறத்தாழ 40 ஜோடிகள் தெரிவதாக ஆய்வாளர்கள் இருவர் அறிவித்தார்கள். அவற்றில் எத்தனை உண்மையான ஜோடிகள் என்ற விவாதம் பின்னர் எழுந்தது. அத்தகையவற்றை 'இரட்டைத் தனிக்கோள்கள்' என்று எழுதலாம். காதுக்குக் கொஞ்சம் முரணாக ஒலித்தாலும் பொருள் முரணவில்லை. ஈர்ப்புக் கணக்கு பேசும் கட்டுரைகளில் இன்னும் துல்லியம் வேண்டுமென்றால் 'விண்மீனோடு பிணையாத கோள்' என்று முதலில் ஒருமுறை விளக்கிவிட்டு, பிறகு தனிக்கோள் என்றே தொடரலாம்.