அல்பாக்காவின் ரத்தத்துக்கு மாட்டுக் கணக்கு உதவாது

ஆஸ்திரேலியாவின் தெற்குப் பகுதியில் கால்நடை மருத்துவம் பார்க்கிறேன். சென்ற குளிர்காலத்தில் ஒரு பண்ணைக்காரர், ஆறு மாத அல்பாக்காக் குட்டியின் ரத்தப் பரிசோதனைத் தாளோடு வந்தார். ரோமத்துக்காக வளர்க்கும் ஒட்டக இன விலங்கு அல்பாக்கா. மூன்று இடத்தில் சிவப்புக் குறி. சிவப்பணுவின் சராசரிப் பருமன் 25 ஃபெம்டோலிட்டர் (அணுவை அளக்கும் மிகச் சிறிய அலகு), குறைவு. குளுக்கோஸ் டெசிலிட்டருக்கு 190 மில்லிகிராம், அதிகம். ரத்தசோகை, சர்க்கரை என்று பயந்து, இரும்புச்சத்து டானிக்கே கொடுக்க ஆரம்பித்திருந்தார். மூன்றாவது குறியை அவர் கவனிக்கவில்லை.

ரத்தத்தைப் பரிசோதித்த கருவியில் பதிந்திருந்தது மாட்டின் இயல்பு அளவு. மாட்டின் சிவப்பணு 40 முதல் 60 ஃபெம்டோலிட்டர். அல்பாக்காவுக்கு 21 முதல் 30 வரைதான். ஒட்டக இனத்துக்கே உரிய தட்டையான நீள்வட்ட அணு அது. மைக்ராஸ்கோப்பில் வெள்ளரி விதையைப் பரப்பியதுபோலத் தெரியும். அணு சிறிது, எண்ணிக்கை அதிகம். குளுக்கோஸும் அப்படித்தான். இந்த விலங்குக்கு இன்சுலின் சுரப்பு மந்தம். ரத்தம் எடுக்கக் கழுத்தைப் பிடித்து ரோமத்தை ஒதுக்கும்போதே 'ம்ம்ம்' என்று முனக ஆரம்பிக்கும். அந்தப் பதற்றமே சர்க்கரையை ஏற்றிவிடும்.

அல்பாக்காவுக்கென்று தனி அளவு வகுக்க, குறைந்தது 120 ஆரோக்கியமான விலங்குகளின் ரத்தம் இருந்தால் நல்லது என்கிறது அமெரிக்கக் கால்நடை ஆய்வக நோயியல் சங்கம். எண்ணிக்கையைவிடக் கடினம், எது ஆரோக்கியமானது என்று முடிவு செய்வதுதான். அடர்ந்த ரோமம் மெலிவை மறைத்துவிடும். முதுகெலும்பைக் கைவிட்டுத் தடவிப் பார்க்க வேண்டும், கீழிமையை இழுத்து நிறம் பார்க்க வேண்டும், சாணத்தில் புழுமுட்டை எண்ண வேண்டும். ரத்தம் உறிஞ்சும் ஹீமாங்கஸ் புழு உள்ள நாலு விலங்குகள் கணக்கில் புகுந்துவிட்டால் கீழ் எல்லை இறங்கிவிடும்; அப்புறம் உண்மையான ரத்தசோகையும் 'இயல்பு' என்றே அச்சாகும். குட்டிக்கும் தாய்க்கும் ஒரே எல்லை வைப்பதும் தவறு.

இவ்வளவு பார்த்து வகுத்தாலும் அந்த எல்லை நல்ல விலங்குகளில் 95 சதவீதத்துக்குத்தான். தாளில் 20 சோதனை இருந்தால் ஏதோ ஒன்றில் குறி விழுவது சகஜம். அதனால் தாளுக்கு முன்னால் விலங்கைப் பாருங்கள்.

அந்தக் குட்டி கறுப்பு. முன்கால் வளைந்து, நடக்கத் தயங்கியது. மூன்றாவது குறி பாஸ்பரஸ்: உண்மையிலேயே குறைவு. ஆண்டீஸ் மலையின் கடும் வெயிலுக்குப் பழகிய இனம் இது. இங்கே குளிர்கால வெயில் போதாமல் வைட்டமின் டி குறைந்துவிடுகிறது, கறுப்பு ரோமக் குட்டிகளுக்கு இன்னும் அதிகமாக. அதனால்தான் பாஸ்பரஸ் குறைந்து கால் வளைகிறது. டானிக்கை நிறுத்தி வைட்டமின் டி ஊசி போட்டோம். சில வாரத்தில் காலை நன்றாக ஊன்றித் தாயின் பின்னால் ஓடியது.