டோபோ ஷீட்டா, நிலப்பரப்பு வரைபடமா, தலப்படமா?

ஒரு மொழிபெயர்ப்பைத் திருத்திக்கொண்டிருந்தேன். கலிபோர்னியாவின் வடகிழக்கில், சியெரா நெவாடா மலைத்தொடரின் வடகோடியில் இருக்கும் பிளூமஸ் கவுண்டியை (நம் மாவட்டம் மாதிரி) பற்றியது. தங்கம், தாமிரம், அப்புறம் மரம், இந்த மூன்றாலும் பிழைத்த ஊர்கள். கட்டுரையில் ஒரு பழைய மேப்பின் படம், அதன் கீழே ‘வரலாற்று நிலப்பரப்பு வரைபடம்’ என்று குறிப்பு. படித்தால் தமிழ்தான், தப்பென்று உடனே சொல்லவும் முடியாது. ஆனால் அந்த மேப்பைப் பார்த்துவிட்டு மறுபடி அந்தக் குறிப்பைப் படித்தால் எதுவுமே ஒட்டவில்லை. ‘நிலப்பரப்பு’ என்றால் நமக்கு முதலில் தோன்றுவது எத்தனை சதுர கிலோமீட்டர் என்பதுதான். ‘வரலாற்று வரைபடம்’ என்றால் எந்தப் பேரரசு எதுவரை பரவியிருந்தது என்று நிறம் தீட்டிக் காட்டும் படம். இங்கே இருப்பது இரண்டும் இல்லை, டோபோகிராஃபிக் மேப்பின் பழைய பதிப்பு. கள அளவையாளர்கள் பேச்சில் டோபோ ஷீட்.

சரி, டோபோ என்றால் என்ன?

கிரேக்கத்தில் ‘டோபோஸ்’ இடம், ‘கிராஃபெயின்’ எழுதுதல். டோபோகிராஃபி என்றால் இடத்தை எழுதுவது. அவ்வளவுதான். மலை, பள்ளம், உயரம் எதுவும் அந்தச் சொல்லுக்குள் இல்லை, படம்கூட இல்லை. ஏறத்தாழ 1188இல் வேல்ஸைச் சேர்ந்த ஜெரால்டு என்ற பாதிரியார் அயர்லாந்தைப் பற்றி லத்தீனில் ஒரு நூல் எழுதினார், அதன் பெயரிலேயே ‘டோபோகிராஃபியா’ உண்டு. உள்ளே இருப்பது அந்தத் தீவின் பறவைகளும் விலங்குகளும் அதிசயக் கதைகளும் மக்களின் வரலாறும். பிற்பாடுதான் இந்தச் சொல் மெல்ல நழுவி, எழுதும் வேலையைக் குறித்தது போய் எழுதப்படும் நிலத்தையே குறிக்க ஆரம்பித்தது. இன்று ஆங்கிலத்தில் ‘இந்த இடத்தின் டோபோகிராஃபி கரடுமுரடானது’ என்றால் தரை மேடும் பள்ளமுமாக இருக்கிறது என்று அர்த்தம். நம் மொழிபெயர்ப்புகள் பிடித்துக்கொண்டது இந்தப் பிந்தைய பொருளை மட்டும்தான்.

இடத்தை எழுதுவதற்குத் தமிழில் சொல் இல்லையா என்றால், ஓர் இலக்கிய வகையே இருக்கிறது: தலபுராணம். அந்தத் தலத்தின் ஆறு எது, மரம் எது, அந்தப் பெயர் ஏன் வந்தது, அங்கே யார் வந்து போனார்கள் என்று ஓரிடத்தைச் சொற்களால் வரைவதுதான் அதன் வேலை. ஜெரால்டின் நூலை அந்தக் காலத்துப் புலவர் ஒருவரிடம் விளக்கிச் சொல்லியிருந்தால் தயங்காமல் ‘தலபுராணம்’ என்றிருப்பார் என்று நினைக்கிறேன். ‘தலம்’ என்பது வடமொழி ‘ஸ்தல’வின் தமிழ் வடிவம். டோபோஸுக்கு நேர்ச்சொல்.

இன்னொரு பொருத்தமும் உண்டு, எனக்கு மிகவும் பிடித்தது. ‘மேப்’ என்பதன் மூலம் லத்தீன் ‘மாப்பா’, அதாவது துணி, மேசைத் துண்டு. நம் ‘படம்’ என்பதற்கும் பழைய பொருள் துணிதான், வடமொழியில் ‘பட’ என்றால் துணி, அதில் தீட்டியது ஓவியம், பிறகு எல்லா ஓவியமும் படம். பேகன் மயிலுக்குக் கொடுத்ததைப் புறநானூற்றின் 141ஆம் பாட்டு ‘படாஅம்’ என்கிறது, போர்வைத் துணி. ஆக, ‘தலப்படம்’ என்று எழுதினால் ஒரு பக்கம் டோபோஸ், மறுபக்கம் மாப்பா, இரண்டும் தத்தம் இடத்தில் வந்து உட்காருகின்றன. யாரும் திட்டமிட்டுச் செய்த பொருத்தம் இல்லை இது, ஆனாலும் பொருந்துகிறது.

மற்ற சொற்களையும் பார்த்துவிடுவோம். இலங்கைத் தமிழில் ‘இடவிளக்கப் படம்’ வழங்குகிறது, நல்ல சொல், இடத்தை விளக்குவது என்று மூலப்பொருளையும் விடவில்லை. வடமொழிச் சாயல் வேண்டாம் என்பவர்கள் தாராளமாக இதையே எடுத்துக்கொள்ளலாம். ‘நிலத்தோற்றப் படம்’ பரவாயில்லை, ஆனால் ஏதோ இயற்கைக் காட்சி ஓவியம் மாதிரி ஒலிக்கிறது. ‘இடவியல் படம்’ வேண்டவே வேண்டாம், ‘இடவியல்’ கணிதத்தில் டோபாலஜிக்குப் போய்விட்டது, அது வேறு சரக்கு. ‘நிலப்பரப்பு வரைபடம்’ ஏன் கூடாது என்பதற்கு, பெயரைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டு ஒரு தாளை விரித்துப் பார்ப்பதுதான் சரி.

அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனம் 1879இல் தொடங்கியது. சில ஆண்டுகளிலேயே, இரண்டாவது இயக்குநர் ஜான் வெஸ்லி பவல் காலத்தில், நாடு முழுவதற்கும் தலப்படம் வரையும் வேலையில் இறங்கிவிட்டார்கள். முக்காலியில் பலகையைப் பொருத்தி, மலைமுகட்டில் நின்று, பார்க்கப் பார்க்க அங்கேயே கோடு போடுவார்கள். அந்தக் கோடுகள் பிறகு செப்புத் தகட்டில் இடவலம் மாற்றிச் செதுக்கப்பட்டு அச்சுக்குப் போகும். ஆரம்பத்தில் மூன்றே மை: மனிதர் செய்ததற்குக் கறுப்பு, நீருக்கு நீலம், சம உயரக் கோட்டுக்குப் பழுப்பு. காட்டைக் காட்டும் பச்சை பிறகு வந்து சேர்ந்தது.

இப்போது சுரங்கப் பகுதித் தாள் ஒன்றைக் கணினியில் பெரிதாக்கிப் பாருங்கள். பழுப்புக் கோடுகள் நெருக்கியடித்து இறங்கும் ஒரு சரிவு. அதன் நடுவில் கறுப்பில் குட்டியாக ஒரு ஒய் எழுத்து மாதிரி ஏதோ ஒன்று, தூசி என்று நினைத்துத் திரையைத் துடைத்துக்கூடப் பார்ப்பீர்கள் (நான் துடைத்தேன்). அது மலைக்குள் கிடையாகப் போகும் சுரங்கத்தின் வாய். பாதி கறுப்பு நிரப்பிய சதுரம் என்றால் செங்குத்தாக இறங்கும் குழி. வெறும் பெருக்கல் குறி என்றால் தாது இருக்கிறதா என்று தோண்டிப் பார்த்த இடம், பல சமயம் ஒன்றும் கிடைக்காமல் விட்டுப் போனது. இரண்டு குந்தாலிகளைக் குறுக்கே வைத்தாற்போல் இருந்தால் கல் உடைக்கும் குவாரி அல்லது திறந்தவெளிச் சுரங்கம். மலைச்சரிவைச் சுற்றிக்கொண்டு, ஆற்றோடு சேராமல் ஏறக்குறைய ஒரே உயரத்தில் நெளிந்து போகும் மெல்லிய நீலக் கோடு இயற்கையான ஓடையாக இருக்க முடியாது, தங்கம் கழுவத் தண்ணீர் கொண்டுபோக வெட்டிய வாய்க்கால். அழுத்தத்தோடு நீரைப் பீய்ச்சி மலையையே கரைத்தெடுத்த காலம் அது. கரைந்த சேறு கீழே சமவெளி ஆறுகளை மேடாக்கி வயல்களை மூழ்கடித்து, கடைசியில் நீதிமன்றம் போய், 1884இல் நீதிபதி லொரென்சோ சாயர் ஆற்றில் சேற்றைக் கொட்டத் தடை போட்டார். வாய்க்கால்கள் அப்படியே கிடந்தன, அளவையாளர்கள் அவற்றை வரைந்து வைத்தார்கள். மரம் அறுக்கும் மில், அங்கிருந்து காட்டுக்குள் போய் நடுக்காட்டில் சட்டென்று முடிந்துவிடும் ரயில் தடம், எல்லாம் உண்டு. எந்த ஊருக்கும் போகாத தண்டவாளம் என்றால் அது மரத்தைத் தேடிப் போனது, அங்கே மரம் தீர்ந்ததும் பிடுங்கிக்கொண்டு அடுத்த பள்ளத்தாக்குக்குப் போய்விடுவார்கள். அடுத்த பதிப்பில் அந்தக் கோடு இருக்காது.

மேடுபள்ளத்தை மட்டும் காட்டுவதென்றால் இத்தனை கறுப்பு மை எதற்கு? தாளில் பாதி மனிதர்கள் செய்த வேலை, மீதியில் பாதி அவர்கள் வைத்த பெயர். அதனால்தான் ‘நிலப்பரப்பு’ போதாது என்கிறேன்.

பெயர் என்றதும் ‘பிட்வெல் பார்’ ஞாபகம் வருகிறது. பிளூமஸுக்குத் தென்மேற்கே, ஃபெதர் ஆற்றின் கரையில் இருந்த ஊர். அந்தப் பெயரிலேயே ஒரு தாள் உண்டு. மொழிபெயர்ப்பில் ‘பிட்வெல் மதுக்கூடம்’ என்று வந்திருந்தது, அன்று முழுக்க சிரித்துக்கொண்டே இருந்தேன். இந்த ‘பார்’ குடிக்கும் இடமில்லை, ஆற்று வளைவில் சரளையும் மணலும் சேர்ந்து உண்டாகும் திட்டு. ஓட்டம் மெதுவாகும் இடத்தில் கனமான பொருள் முதலில் படியும், தங்கத்தைவிடக் கனமானது ஆற்றில் என்ன வரப்போகிறது? ஆகவே தேடியவர்கள் முதலில் ஓடியது திட்டுகளுக்கு. ஜான் பிட்வெல் 1848 ஜூலையில் அங்கே தங்கம் கண்டார், ஊர் எழுந்தது, சில ஆண்டுகள் பக்கத்து பியூட் கவுண்டியின் தலைநகராகக்கூட இருந்தது. இப்போது போனால் பார்க்க முடியாது. 1968இல் ஒரோவில் அணை முடிந்து அந்த இடம் ஏரிக்கடியில் போய்விட்டது. 1856இல் திறந்த அதன் தொங்குபாலத்தை மட்டும் முன்கூட்டியே கழற்றி மேலே கொண்டுவந்தார்கள். பழைய தாளில் ஊர் இருக்கிறது, புதிய தாளில் நீலம் இருக்கிறது.

இதே ஆற்றின் வடகிளையில், மேல்பக்கம் ‘ரிச் பார்’, ‘இந்தியன் பார்’ என்று இன்னும் திட்டுகள். 1851–52இல் லூயிஸ் கிளாப் என்ற பெண், கணவரோடு அங்கே போய்த் தங்கி, ‘ஷெர்லி’ என்ற புனைபெயரில் தன் தங்கைக்கு 23 கடிதங்கள் எழுதினார். மலையின் நிறம், மரக்குடிசையின் தரை, தங்கம் அலசும் முறை, ஞாயிற்றுக்கிழமை சண்டைகள் எல்லாம் அதில் வருகின்றன. கிரேக்கப் பொருளில் டோபோகிராஃபி என்றால் அதுதான்.

சம உயரக் கோட்டுக்கு வருகிறேன். கடல்மட்டத்திலிருந்து ஒரே உயரத்தில் உள்ள புள்ளிகளையெல்லாம் இணைக்கும் கோடு. 1770களில் ஸ்காட்லாந்தின் ஷிஹாலியன் மலையை வைத்துப் பூமியின் அடர்த்தியைக் கணக்கிட முயன்றபோது, குவிந்து கிடந்த உயர அளவுகளைப் பார்த்து சார்லஸ் ஹட்டன் என்ற கணித அறிஞர் ஒரே எண்களைக் கோட்டால் இணைத்துப் பார்த்தார், குழப்பம் தெளிந்தது. கோடுகள் நெருங்கினால் செங்குத்து, விலகினால் சமதரை. பள்ளிக்கூடத்தில் எல்லோரும் படித்ததுதான். சொல்லித்தராத ஒன்று: மலைப்பகுதிப் பழைய தாள்களில் இரண்டு கோடுகளுக்கு இடையே 100 அடி இடைவெளி சாதாரணம். 80 அடிப் பாறைச் சுவர் ஒன்று அந்த இடைவெளிக்குள் சத்தமில்லாமல் ஒளிந்துகொள்ளும். நீர் பீய்ச்சிக் குடைந்த பள்ளம் கொஞ்சம் ஆழமாக இருந்தால்தான், உள்பக்கம் குட்டிப் பற்கள் வைத்த வளையமாகத் தாளில் தெரியும்.

இன்னொரு சொல்லும் பாடாய்ப் படுத்தியது: ‘15 நிமிட வரைபடம்’. கால்மணி நேரத்தில் வரைந்துவிட்டார்களா? இது கோணத்தின் மினிட், ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு. பஞ்சாங்கக்காரர்கள் தலைமுறை தலைமுறையாகப் ‘பாகை, கலை, விகலை’ என்று சொல்லிவருகிறார்கள், அதை எடுத்து ‘15 கலைத் தாள்’ என்றால் முடிந்தது. முதலில் வந்தவற்றில் பல 30 கலைத் தாள்கள், 1:1,25,000 அளவில், ஓர் அங்குலத்துக்கு ஏறக்குறைய இரண்டு மைல். அப்புறம் 15 கலை, 1:62,500. கடைசியாக ஏழரைக் கலை, 1:24,000, ஓர் அங்குலத்துக்கு 2,000 அடி. ஒரு 30 கலைத் தாள் இருக்கும் இடத்தைப் பதினாறு ஏழரைக் கலைத் தாள்கள் நிரப்பும். தாளின் பக்கங்கள் தீர்க்கக்கோடுகள் என்பதால் மேல்விளிம்பு கீழ்விளிம்பைவிட ஒரு துளி குறுகலாக இருக்கும். ஆங்கிலத்தில் ‘குவாட்ராங்கிள்’ என்பார்கள், தமிழில் ‘தாள்’ என்பதே போதும்.

கடைசியாக அந்த ‘வரலாற்று’. அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனம் 1884 முதல் 2006 வரையிலான தாள்களை ஸ்கேன் செய்து இலவசமாக வைத்திருக்கிறது, 1,70,000க்கும் மேல். அந்தத் தொகுப்பின் பெயரில் வரும் ‘ஹிஸ்டாரிக்கல்’ என்பதன் பொருள் ‘இப்போது வழக்கில் இல்லாத, முந்தைய’ என்பதுதான், வரலாற்றுச் சிறப்பு ஏதும் இல்லை. ஆகவே ‘பழைய தலப்படம்’. ஆனால் எத்தனை பழையது என்பதில் ஒரு கண்ணி உண்டு. தாளின் கீழ் ஓரத்தில் அளந்த ஆண்டு ஒன்று, பதிப்பித்த ஆண்டு ஒன்று, மறு அச்சு ஆண்டு ஒன்று என்று மூன்று இருக்கலாம். மறு அச்சு ஆண்டை எடுத்துக்கொண்டு ‘அந்த வருடம் இந்த ஊர் இருந்தது’ என்று எழுதினால், பல ஆண்டுகளுக்கு முன்பே காலியான ஊருக்கு உயிர் கொடுத்துவிடுவோம். ஊதா மையில் வீடோ சாலையோ தெரிந்தால் அது விமானப் படத்தைப் பார்த்துப் பிறகு சேர்த்தது, யாரும் நேரில் போய்ச் சரிபார்க்காதது.

எப்படியோ, குறிப்பை மாற்றிவிட்டேன். இப்போது இப்படி இருக்கிறது: ‘பிட்வெல் பார், பழைய தலப்படம், 30 கலைத் தாள்.’ ‘பார்’ என்பதற்கு மட்டும் பக்கத்தில் அடைப்புக்குறி போட்டு, ‘ஆற்றுத் திட்டு’ என்று சேர்த்திருக்கிறேன்.